வழுக்கைக்கு எதுக்கு ஹேர் டை?

என் வீட்டுக்காரர் தலையில் முடி இல்லை. கொஞ்சம் இருக்குன்னுகூடச் சொல்ல முடியாது, சுத்தமா இல்லை. அவர் சீப்பைத் தொட்டே பல வருஷம் ஆச்சு.

அப்பேர்ப்பட்ட மனுஷனோட டூல்ஸ் பெட்டியில், ஸ்க்ரூடிரைவருக்கு அடியில், ஹேர் டை. ஒண்ணு இல்லை, நாலைஞ்சு பாக்கெட். எல்லாம் கறுப்பு, கம்பெனி மட்டும் வேற வேற. எல்லாத்தையும் பிரிச்சுத் துளித்துளி எடுத்திருந்தது.

குழாய் ஒழுகுதேன்னு ஸ்பானர் தேடப் போன நான், அப்படியே தரையில் உட்கார்ந்துட்டேன்.

எனக்காக இருக்காது. போன தடவை டை போட்டு, என் தலை முழுக்கக் கொப்புளம் வந்து, நெத்தி வீங்கிக் கண்ணே திறக்க முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினதே அவர்தான். அதிலிருந்து நரைச்ச தலையைத் துணியால் மூடிக்கிட்டுத்தான் வெளியே போறேன். அடுத்த மாசம் மக பட்டம் வாங்குறா. போட்டோவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டேன்.

மக ஹாஸ்டலில் இருக்கா. வீட்டில் நாங்க ரெண்டே பேர். ஒருத்தருக்கு முடி இல்லை, இன்னொருத்திக்கு டை ஆகாது. அப்போ இது யாருக்கு?

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏன்க்கா, வேற ஒருத்தி இருந்தா மனுஷன் நகை வாங்குவார், செண்ட் வாங்குவார். ஹேர் டையா வாங்குவார்?"

"அவளுக்கும் உன் வீட்டுக்காரர் வயசு இருக்கும்டி. நரைச்சிருக்கும்."

எரியிற நெருப்பில் எண்ணெய் ஊத்துறதில் என் அக்காவை மிஞ்ச ஆளே கிடையாது.

சாயங்காலம் வந்தார். வெக்கை தாங்கலை, இவர் காதை மூடி மஃப்ளர் கட்டியிருக்கார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பட்டன்.

"என்னங்க, குளிருதா?"

"லேசா ஜலதோஷம்மா."

மஃப்ளரைப் பிடிச்சு இழுத்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ரெண்டு காதும் வீங்கிக் கிடக்கு. காதுக்குப் பின்னால் கறுப்பா ஒரு கறை, அதைச் சுத்திச் சிவந்து நீர் வடியுது. சட்டைக் கையை மேலே தள்ளினேன். முழங்கை மடிப்பிலும் அதே கறுப்பு வட்டங்கள், மேலே கொப்புளம்.

"என்ன இது?"

"ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்."

டை பூசிக்கிட்டு வந்து கடிக்கிற பூச்சியை நான் பார்த்ததில்லை. டை போட்ட தலை இவர் தோளில் சாஞ்சிருந்தாத்தானே காதுக்குப் பின்னால் ஒட்டும்? கையில் தலை வெச்சுப் படுத்திருந்தாத்தானே முழங்கையில் ஒட்டும்?

ஆனா நீர் வடியுற காதைப் பார்த்துக்கிட்டே சண்டை போடவும் மனசு வரலை. முதல்ல வைத்தியம், அப்புறம் பஞ்சாயத்து. பாக்கெட்டை எல்லாம் பையில் போட்டேன். கையைப் பிடிச்சுத் தரதரன்னு தோல் டாக்டரம்மாகிட்ட இழுத்துட்டுப் போனேன். என் தலைக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரம்மா.

காதைத் திருப்பிப் பார்த்தாங்க. "இது டை ஒத்துக்காம வந்தது," என்றவங்க, நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாங்க. "உங்களுக்கு எதுக்குங்க டை?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன் டாக்டர்." பையை மேசை மேல் கொட்டினேன். "அவ யாருன்னு இங்கேயே சொல்லச் சொல்லுங்க."

"எவ?" என்றார் இவர், திருதிருன்னு முழிச்சுக்கிட்டு.

"இதெல்லாம் யாருக்கு வாங்கினீங்களோ, அவ."

"நீதான்."

"எனக்கா? எனக்குத்தான் டை ஆகாதே!"

"போட்டோவுக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டு, கண்ணாடி முன்னால நின்னு அழுதியே. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உனக்கு ஒத்துக்கிறது ஏதாவது ஒண்ணு இல்லாமலா போயிடும்னு தேடினேன்."

டாக்டரம்மா ஒவ்வொரு பாக்கெட்டாப் புரட்டினாங்க. "பேர்தாங்க வேற. இவங்களுக்கு ஆகாத அதே மருந்து எல்லாத்துலயும் இருக்கு, மூலிகைன்னு போட்டிருக்கிற இதுல உள்பட. திரும்பத் திரும்பத் தடவினதுல இப்போ உங்க தோலுக்கும் ஆகாமப் போச்சு. அதுவும் போகட்டும், டை போடப்போறவங்க தோல்லதாங்க தடவிப் பார்க்கணும். உங்களுக்கு ஒத்துக்கிட்டா இவங்களுக்கும் ஒத்துக்கும்னு யார் சொன்னது?"

அவர் ஒரு பாக்கெட்டை எடுத்து, பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் தடவிக் காட்டினார்.

"காதுக்குப் பின்னால, முழங்கை மடிப்புல தடவிப் பாருங்கன்னுதான் டாக்டர் போட்டிருக்கு. யாரோட காதுன்னு போடலையே."