வரப்பிலும் அடிக்க வேண்டும்

"மருந்து எறங்குதா, தம்பி?" ஞானாம்பாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எறங்குதும்மா. முப்பத்தெட்டு சதவீதம். நீங்க எதையும் தொடாம இருந்தா போதும்" என்றான் பரிதி, போனில்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில், அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தது பதினான்கு வயதுக் கம்ப்யூட்டர். மகன் அரவிந்தன் காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. அவன் துபாய் போய்விட்டான், கம்ப்யூட்டர் போகவில்லை. பேத்தியை வீடியோவில் பார்க்கவும் பேங்க் வேலைக்கும் அவளுக்கு அதுதான்.

பரிதி எங்கோ ஒரு மாடி அறையில், ஹெட்செட் மாட்டிய பத்துப் பேரில் ஒருவனாக உட்கார்ந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். இதுவரை ஒரு கேஸைக்கூட முடிக்கவில்லை. "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒண்ணாவது முடி. இல்லன்னா நாளைக்கு வராத" என்று சூப்பர்வைசர் தங்கமணி காலையிலேயே சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு, கம்ப்யூட்டரைச் சரிபார்க்க என்று அவன் அனுப்பிய சின்ன புரோகிராமை ஞானாம்பாள் சொன்னபடியே போட்டுக்கொண்டாள். அதன்பிறகு அவள் திரையில் இருக்கும் அம்பை தன் மேசையிலிருந்தே அவனால் நகர்த்த முடிந்தது. ஆனால் எதைத் திறந்தாலும் சீட்டாட்ட விளம்பரம் குதித்தது. மூன்றாவது விளம்பரத்தில் எல்லாம் உறைந்து நின்றது. ஆன்டிவைரஸ் போட்டுச் சுத்தம் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது என்று அவனுக்குப் புரிந்தது.

அறுபது சதவீதத்தில் அந்த ஆன்டிவைரஸ் இறங்குவது நின்றது.

"அம்மா, நெட்டு போயிடுச்சு!"

"போகல தம்பி. நான்தான் ஒயரப் பிடுங்கினேன்."

"ஏம்மா?"

"மருந்து அடிக்கிறப்ப மடைய அடைக்கணும்ல? தண்ணி ஓடுனா மருந்தெல்லாம் அடுத்தவன் வயலுக்குல்ல போவும்?"

பரிதி கண்ணை மூடித் திறந்தான். மடை எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. நாற்பது நிமிட உழைப்பு அதன் வழியாகப் போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது. ஒயரை மாட்டச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

இரண்டாம் முறை எண்பதைத் தொட்டபோது ஞானாம்பாள் குரல் கொடுத்தாள். "பெட்டி கொதிக்குது தம்பி. மேல தோசை ஊத்தலாம் போல."

"உள்ள இருக்கிற ஃபேன் ஓடலம்மா. கொஞ்சம் காத்து பட்டா..."

"காத்துதானே? என்னங்க! களத்துல நெல்லு தூத்துற ஃபேன எடுத்துட்டு வாங்க!"

அவள் கணவர் பஞ்சநதம் அதை இழுத்துவந்து, கம்ப்யூட்டருக்கு எதிரே நிறுத்திப் போட்டுவிட்டார். அடுத்த அரை மணி நேரம் பரிதியின் காதில் புயல் அடித்தது. நடுநடுவே பஞ்சநதத்தின் உற்சாகக் குரல் மட்டும் கேட்டது. "நல்லாத் தூத்துது! உள்ளேர்ந்து ஒரு மரக்கா தூசி! அட, பல்லி!"

ஃபேன் ஓய்ந்ததும் ஞானாம்பாள் கேட்டாள். "சாப்டீங்களா, தம்பி?"

"ஆச்சும்மா."

"பொய் சொல்லாதீங்க, குரலே காட்டிக் குடுக்குது. எந்த ஊரு நீங்க?"

பரிதி சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். "கும்பகோணம்மா."

"கும்பகோணத்துல எங்க?"

அது தாளில் இல்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கம்."

ஆன்டிவைரஸ் ஏறி முடித்தபோது மணி நாலேகால். எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று திரையில் ஒரு பட்டியல் வந்தது. பரிதி முதல் கட்டத்தில் மட்டும் டிக் வைத்துவிட்டு மற்றவற்றை எடுத்தான்.

"முக்கியமான எடத்த மட்டும் பாத்தா போதும்மா. பத்தே நிமிஷம்."

"மத்ததெல்லாம்?"

"தேவையில்லம்மா."

"நல்லாருக்கே! வரப்ப விட்டுட்டு வயல்ல மட்டும் அடிச்சா, பூச்சி போய் வரப்புல உக்காந்துக்கும். நீங்க அந்தாண்ட போனதும் திரும்ப எறங்கிடும்."

அவள் டிக் போட்டாள். அவன் எடுத்தான். அவள் மறுபடியும் போட்டாள். ஒரே அம்பை இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுக்க, அது திரை நடுவில் நின்று நடுங்கியது.

"நாப்பது வருஷமா மருந்து அடிக்கிறேன் தம்பி. நீங்க எத்தன வருஷமா அடிக்கிறீங்க?"

மூன்று வாரம் என்று சொல்ல முடியுமா? இந்த அம்மா கோபித்துக்கொண்டு போனை வைத்தால் வேலை போய்விடும். பரிதி மௌஸை விட்டுக் கையை எடுத்தான். அவள் ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டுவிட்டுத் தட்டினாள்.

பஞ்சநதம் பக்கத்தில் நின்று, மூட்டை ஏற்றும்போது எண்ணுவதுபோல உரக்க எண்ணினார். "நாப்பத்தாறு செத்துருக்கு... நூத்திப் பத்து... பொம்பள கை பட்டா தப்பிக்குமா? இருநூத்தி மூணு!"

நான்கு ஐம்பத்தெட்டுக்குச் சோதனை முடிந்தது. பரிதியின் நாற்காலிக்குப் பின்னால் தங்கமணி வந்து நின்று, கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"சூப்பர்ம்மா, எல்லாம் சுத்தமாயிடுச்சு" என்றான் பரிதி அவசரமாக. "இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க."

"இருங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு சாகாம நிக்குது. செகப்புல போட்டிருக்கு." அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இது பேங்க் பாஸ்வேர்டத் திருடுற புரோகிராமாம்."

பரிதியின் கை மௌஸுக்குத் தாவியது.

"பேரப் பாத்தா, காலையில நீங்க அனுப்பிச்சீங்களே, அதேதான்."

தங்கமணியின் விரல் கடிகாரத்தின் மேல் அப்படியே நின்றது.

"கொன்னுடட்டுமா, தம்பி?"