மூணு விசில்

மாஸ்டர் மூன்றாவது தடவையாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நெஞ்சுல ஏதாவது பண்ணுதா மாஸ்டர்?” என்றாள் நர்ஸ். பக்கத்து வீட்டுக்காரி. அவருக்கு வாராவாரம் ரத்த அழுத்தம் பார்ப்பவளும் அவள்தான்.

“ஒண்ணுமில்லம்மா. மாத்திரை இருக்கான்னு பார்த்தேன். உக்காருங்க.”

மூன்று பேரும் உட்காரவில்லை. தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் தையலக்கா கதவை ஒட்டியே நின்றாள். அவளுக்குப் பின்னால் டிரைவர், உள்ளே வருவதா வேண்டாமா என்பதுபோல ஒரு கால் வெளியே. ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்கூட்டிச் சொல்லாமல், அந்த வீட்டுக்கு யாரும் இப்படி வந்ததில்லை.

மாஸ்டர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தெருச் சங்கத் தலைவர். போன வருடம் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு விசில் வாங்கிப் பெண்கள் கையில் கொடுத்தது அவர்தான்.

‘அடி விழுந்தா மூணு தடவை ஊதுங்க. தெருவே வந்து நிக்கும். அப்பப்போ காதோரம் குலுக்கிப் பாருங்க, உள்ள இருக்கிற தக்கை உருண்டை ஆடணும். அது துள்ளினாத்தான் சத்தம் படபடக்கும்.’

முதல் மாதமே டிரைவர் வீட்டில் விசில் ஒலித்தது. தெருவே வந்து நின்றது. அதற்குப் பிறகு டிரைவர் தன் வீட்டில் தும்மும்போதுகூட வாயைப் பொத்திக்கொள்கிறார். இப்போது சங்கத்தில் அவரும் ஒருவர்.

“என்னம்மா, முகமே சரியில்லையே?” என்றார் மாஸ்டர், தையலக்காவைப் பார்த்து.

“நம்ம தெருவுல ஒரு வீட்டுல அடி விழுது மாஸ்டர்.”

“நான் இல்ல,” என்றார் டிரைவர் அவசரமாக.

யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த வீடு? இன்னிக்கே கூட்டத்தைக் கூட்டி அவனை நடுவுல நிறுத்திடலாம்.”

“எவனா இருந்தாலுமா?”

“எவனா இருந்தாலும்.”

மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. மகன் எழுந்துவிட்டான் போல. சத்தம் படிக்கட்டின் மேல்முனை வரை வந்து நின்றது. இறங்கி வரவில்லை.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பகல்லதானே தூங்கறேன். வியாழக்கிழமை மத்தியானம் கேட்டுது. மூணு தடவை. ஆனா நம்ம விசில் மாதிரி படபடன்னு இல்ல. இழுவையா, குக்கர் விசில் மாதிரி. நேத்தும் அதே மாதிரி மூணு. சுவத்துக்கு இந்தப் பக்கம்.”

மாஸ்டர் சிரித்தார். “எங்க வீட்டுக் குக்கர்தாம்மா. அது கத்தினா செத்தவனும் எழுந்து உக்காருவான்.”

மருமகள் தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை. போன மாதம் அதைத் தைத்துக் கொடுத்த தையலக்கா, டம்ளரை எடுக்காமல் அந்தக் கையையே பார்த்தாள்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். “உங்க குக்கரா? அதை ரிப்பேருக்கு நான்தானே மாஸ்டர் வண்டியில கொண்டுபோய்க் குடுத்தேன். பத்து நாளாச்சு. இன்னும் வரலியே.”

மாடியில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

மாஸ்டரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த வீட்டு விஷயம் இந்த வாசப்படியைத் தாண்டினதில்ல. ஒருத்தர் விரல் நீட்டிப் பேசினதில்ல. என் மருமக ஊதியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்காதா? ஓடி வந்திருக்க மாட்டீங்களா?”

தையலக்கா கதவுக்குப் பின்னால் கை விட்டாள். அங்கே ஆணியில் விசில் தொங்கியது. தெருவுக்கே முன்மாதிரியாக இருக்கட்டும் என்று மாஸ்டர் தன் கையாலேயே மாட்டியது. அதை எடுத்து, அவர் சொல்லிக்கொடுத்தபடியே காதோரம் குலுக்கினாள்.

சத்தமே இல்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “உருண்டை இல்ல.”

“பழசாகி விழுந்திருக்கும்.”

“தானா விழாது மாஸ்டர். ஹேர்பின் விட்டு நெம்பினாத்தான் வரும்னு நீங்கதான் சொன்னீங்க.”

டிரைவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். “தம்பி வேலைதான். எனக்கு அப்பவே இது தெரிஞ்சிருந்தா, நானும் முதல்ல இதைத்தான் செஞ்சிருப்பேன்.”

எல்லோரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார்.

மருமகள் மட்டும் பார்க்கவில்லை. தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்று முதல் தடவையாக வாய் திறந்தாள்.

“அவர் எடுக்கல அக்கா. மாமா சட்டைப் பையில இருக்கு.”