கூட்டம் இல்லாத அருவி

மாலை ஐந்து மணிச் சாரல் ஜன்னல் தாண்டி வந்து, குற்றாலம் பக்கத்துக் குத்துக்கல்வலசையில் ஜெயசித்ராவின் நோட்டை நனைக்கிறது. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காக அவள் எழுதி மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அதில் நீலமாகக் கரைகின்றன. செல்போனுக்குள் இங்கெபோர்க் அம்மா காத்திருக்கிறார். நரைத்த தலை, வட்டக் கண்ணாடி. ஜெர்மனியில் இருந்தபடி தமிழ் படிக்கிறவர். இன்றுதான் முதல் பேச்சு. அரை மணி ஜெர்மன், அரை மணி தமிழ் என்று ஏற்பாடு. ஜெர்மன் நாலே நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மலைமேல் மேகம் இறங்குகிறது. தகரக் கூரையில் சாரல் சத்தம் கூடுகிறது. குற்றால சீசனில் போனை எடுத்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி அவள் வாயில் தானாக வந்துவிடுகிறது. "அங்கன தண்ணி விழுதா?" கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அங்கே ஏது அருவி? ஆனால் அந்த அம்மா யோசித்து, எழுந்து நடக்கிறார். செல்போனில் சுவர்கள் மிதக்கின்றன. கதவு திறக்க, நடுப்பகல் வெயில். தக்காளிச் செடிகளின் மேல் பூவாளி சாய்கிறது, துளிக்குத் துளி வெளிச்சம். "விழுது," என்கிறார், மிக மெதுவாக. ஜெயசித்ரா சிரித்துவிடுகிறாள். சீசனின் அடுத்த கேள்வியும் தயாராக இருக்கிறது. "கூட்டம் உண்டா? நெறைய ஆளு?" செல்போன் தோட்டத்தைச் சுற்றி வருகிறது. இரண்டு நாற்காலிகள், ஒன்றில் உதிர்ந்த இலைகள் குவிந்திருக்கின்றன. "யாரும் இல்லை." "அப்ப நல்லதாப் போச்சு. நிதானமாக் குளிங்கம்மா." அவர் செல்போனைத் தொட்டிச் செடியில் சாய்த்து வைக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். பிறகு தலையைக் குனிந்து, பூவாளியைத் தன் தலைக்குமேல் சாய்க்கிறார்.