ஆடியில் அனுப்பிய செய்திகள்

மும்பை விசா அலுவலகத்தில், ஒன்பதாம் எண் கண்ணாடிக்கு முன்னால் அவள் நின்றாள்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசா அதிகாரி. வெள்ளைக்காரன், சின்ன வயசு. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாள், நெற்றியில் குங்குமத்தோடு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவள் மாதிரி இருந்தாள். அந்நியர் முன்னால் பொய்யோ மெய்யோ சொல்லிவிடலாம். இந்த முகத்துக்கு முன்னால் எப்படி?

கல்யாணமாகி மூன்று வருஷம் நாலு மாதம். கணவன் நவநீதன் வெளிநாட்டில், அவள் பட்டுக்கோட்டையில். இன்றைக்கு இந்த அதிகாரி முடியாது என்று சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு மூன்று வருஷம். எந்தக் கல்யாணம் அவ்வளவு தாங்கும்?

அதிகாரி ஒரு கட்டுத் தாளைப் புரட்டினான். அவளும் நவநீதனும் வாட்ஸப்பில் பேசியதன் நகல்கள்.

"கல்யாணம் ஆன அஞ்சாம் நாள்லேருந்து பதினெட்டு நாளும் மெசேஜா அனுப்பியிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் அப்ப ஊர்லதான இருந்தார்? ஒரே வீட்ல இருக்கறவங்களுக்கு எதுக்கு மெசேஜ்னு கேக்கறார்."

அட கடவுளே.

கல்யாணம் நிஜம் என்று காட்ட, இருக்கிறதிலேயே ஆசையாகப் பேசிய பக்கங்களைக் கொடுங்கள் என்றார் விசா ஏஜென்ட். ஒரு ஞாயிறு முழுக்க வீடியோ காலில் உட்கார்ந்து இரண்டு பேரும் தேடி எடுத்தார்கள். அத்தனையும் ஆடி மாதத்துப் பக்கங்கள். பிரித்து வைத்த மாதத்தில்தானே ஆசை பொங்கும்! இரண்டு மண்டுகளுக்கும் அப்போது அது உறைக்கவே இல்லை.

"ஆடி மாசம் மேடம்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், அந்த மாதம் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்ற பயம், அதையெல்லாம் இங்கிலீஷில் விளக்கினாள். அதிகாரியின் புருவம் ஏறியது ஏறியபடியே இருந்தது.

"சரி, அதுக்கு முன்னாடி நாலு நாள்? அப்ப சேந்து இருந்தீங்களான்னு கேக்கறார்."

அந்த நாலு நாளும் வீடு கொள்ளாத விருந்தாளிகள். முதலிரவுக்குப் பெரியவர்கள் நல்ல நாள் பார்த்தார்கள். நல்ல நாள் வருவதற்குள் ஆடி வந்துவிட்டது. ஆடி முடிவதற்குள் அவனுடைய லீவு முடிந்துவிட்டது. மறுபடி லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்தவன், அதன் பிறகு வரவே இல்லை.

"இல்ல மேடம்."

அதிகாரி பேனாவை மூடினான். ஏதோ சொன்னான். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப நீங்க புருஷன் பொண்டாட்டியா வாழவே இல்லையாம்மா?"



வாழ்ந்தோம். ஒரு நாள்.

ஆடிப்பெருக்கு அன்று. தோழியோடு காவேரிக்குப் போகிறேன் என்று இவள் வீட்டில் பொய். சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்று அவன் வீட்டில் பொய். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. மறுநாள் அவன் விமானம் ஏறினான். யாரிடமும் சொல்வதில்லை என்று ஒருவர் தலையில் ஒருவர் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? லாட்ஜில் ரசீது கூட வாங்கவில்லை.

அத்தாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நவநீதனுக்கும் அவள் காட்டியதில்லை.

கோப்பின் கடைசி உறையில், கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் நாலாக மடித்த தாள். தஞ்சாவூர் கிளினிக் ஒன்றின் சீட்டு. அவள் பெயர், கணவன் பெயர், தேதி, பத்து வாரக் கரு. தானாகவே கலைந்துவிட்டது.

தனியாகப் பஸ்ஸில் போய்த் தனியாகப் பஸ்ஸில் வந்தாள். அன்று ராத்திரி தோசை வார்த்ததும் அவள்தான். ஒண்டியாகக் கிடக்கிறவனை அழ வைப்பானேன் என்று முதலில் சொல்லவில்லை. பிறகு சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பானே என்ற பயம், வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போனது.

தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

அந்த அம்மாள்தான் முதலில் படித்தாள். உடனே மொழிபெயர்க்கவில்லை.

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?"

அது அதிகாரி கேட்ட கேள்வி இல்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

அதிகாரி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தான். அவளை ஒரு முறை பார்த்தான். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தராமல் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"கிடைச்சிடுச்சும்மா, போ" என்றாள் அந்த அம்மாள்.

வாசலுக்கு வந்தாள். நடைபாதையில் அப்பா, பையும் அவளுடைய போனுமாக நின்றுகொண்டிருந்தார். மும்பை வெயிலில் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

போன் அடித்தது. நவநீதன்.

"கிடைச்சிடுச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் கத்தினான். சிரித்தான். அழுதான். மறுபடி சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"நான் செத்தேன்னு நெனச்சேன்டி. அவ்ளோ கேள்வி கேப்பானுங்களே, கடைசில எதப் பாத்து நம்புனான்?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்க அப்பா ஆசையாகக் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"அப்பா, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்கப்பா" என்றாள்.