குண்டெழுத்தும் பொடியெழுத்தும்

எலிமருந்து டப்பாவின் பெயர் குண்டெழுத்தில் இருந்தது, உருண்டையாக, பளபளவென்று, மிட்டாய்க் கடைப் பலகை மாதிரி. அதன் காலடியில் ‘குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று பொடியெழுத்துகள் நசுங்கிக் கிடந்தன.

“அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்க. நாங்க யார் கண்ணுக்குமே தெரியலை.”

“உங்களை யாருடா பார்ப்பாங்க? கடையில அந்தம்மா எடுத்ததே எங்க அழகைப் பார்த்துத்தான்.”

அந்தம்மா டப்பாவை அடுப்படித் தரையிலேயே வைத்துவிட்டு, பொங்கிய பாலை இறக்க ஓடினாள். அவள் குழந்தை தவழ்ந்து வந்தது. குண்டெழுத்துகளைத் தடவிச் சிரித்தது. மூடியைக் கடித்தது.

“டேய், கத்தித் தொலைங்கடா!” குண்டெழுத்துகள் அலறின.

“கத்திக்கிட்டேதான் இருக்கோம் அண்ணே. எங்க சத்தம் இவ்வளவுதான்.”

குண்டெழுத்துகள் வயிற்றை எக்கி ஒடுங்கப் பார்த்தன. மூடி கழன்றது.