பொன்னொளியில் அப்பா

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையடியில் மாட்டுக்கொட்டகையாக இருந்த தியானக்கூடம். பனிவெளிச்சம் விழும் திண்டில் ஹெய்டி கண்மூடி அமர்ந்திருக்கிறாள். மைத்ரி என்னும் அன்புத் தியானத்தின் முறை எளிது: பிடிக்காதவரை மனதுக்குள் எதிரே உட்காரவைத்து, நெஞ்சிலிருந்து பொன்னொளியை அவர்மேல் பாய்ச்ச வேண்டும். நேரில் போய்ப் பார்க்கத் தேவையில்லை என்பதே இதன் பெரிய வசதி. அவள் அப்பாவை உட்காரவைத்திருக்கிறாள். ஈரக் காலணியோடு தம்பி ரஸ்ஸல் வந்து குனிகிறான். “அக்கா, அப்பா இன்னைக்கு ராத்திரியைத் தாண்டமாட்டாராம். உன்னைத்தான் கேக்குறாரு. வா, வண்டி நிக்குது.” “உஷ்! நேத்தே அவரைக் கட்டிப்பிடிச்சு மன்னிச்சுட்டேன்டா, மனசுல.” “அது அவருக்குத் தெரியாதே!” “ஒளி போய்ச் சேரும்.” அவள் முதுகை நிமிர்த்துகிறாள். வெளியே வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அவள் புருவம் நெளிகிறது; அப்பாவின் முகம் மனதில் கூடிவரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்க்கிறாள். “ரஸ்ஸல், அப்பா இப்ப தாடி வச்சிருக்காரா?”