நாற்பது மீட்டர்

"எங்க ஊர்ல நாப்பது மீட்டரைக் காணோம்னு சொல்றியே, எங்கடா கொண்டுபோனே?"

ஊர்த் தலைவி சத்துர்னினா போட்ட சத்தத்தில் கூட்டமே எழுந்து நின்றது.

அணை கட்டும் கம்பெனி போன மாதம்தான் ஆண்டிஸ் மலையிலிருக்கும் இந்தச் சிவாய்பட்டா ஊரை அளந்து, உயரம் 3,030 மீட்டர் என்று கடிதம் கொடுத்தது. அணை நிரம்பினாலும் தண்ணீர் 3,000 வரைதான் ஏறும். யாரும் வீடு மாற வேண்டாம். அந்தச் சந்தோஷத்தில் கம்பெனி இன்ஜினியருக்குக் கினிப் பன்றி வறுத்து விருந்தே வைத்தார்கள்.

இன்று சர்வேயர் வில்பர் வந்து, "உங்க ஊர் 2,990தான்மா. அணை நிறைஞ்சா முழுகிடும்" என்கிறான்.

"எங்களை விரட்ட எவன்டா உன்னை அனுப்பினான்?"

உருளைக்கிழங்கு ஒன்று பறந்து வந்து அவன் தோளில் பட்டது.

"அடிக்கிறதுன்னா கேட்டுட்டு அடிங்க" என்றான் வில்பர். "செயற்கைக்கோள் கருவி பூமியை வழவழன்னு ஒரு உருண்டையா வச்சுக்கிட்டு, அதுலேர்ந்து உயரம் சொல்லும். தண்ணிக்கு அந்த உருண்டை தெரியாது. பூமி இழுக்கிற இழுப்புக்குத்தான் அது கட்டுப்படும். கடல் இந்த ஆண்டிஸ் மலைக்கு அடியிலயும் பரவினா எந்த மட்டத்துல நிக்குமோ, அதுக்குப் பேரு ஜியாய்டு. இங்க அது உருண்டையைவிட நாப்பது மீட்டர் மேல இருக்கு. அணையை அந்தக் கடல் மட்டத்துலேர்ந்து அளந்திருக்காங்க. உங்க ஊரை மட்டும் உருண்டையிலேர்ந்து. அந்த நாப்பதைக் கழிச்சா 2,990தான்."

"நூறு இன்ஜினியர் இருக்கிற கம்பெனிக்கு இது தெரியாமப் போச்சா? நீ ஒருத்தன்தான் புத்திசாலியா?"

"ஊர் முழுகும்னா கம்பெனி அறுபது வீடு கட்டிக் குடுக்கணுமேம்மா."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதே! அவங்க எங்களோட உக்காந்து சாப்பிட்டவங்க!"

வில்பர் கம்பெனியின் வரைபடத்தை விரித்தான். "நீங்களே படிங்க."

சத்துர்னினா விரல் வைத்துப் படித்தாள். "ஊழியர் குடியிருப்பு, 3,015."

"அவங்க வீட்டை மட்டும் கடல் மட்டத்துலேர்ந்து அளந்திருக்காங்க" என்றான் வில்பர்.

"நம்ம ஊர் 3,030. அவங்க 3,015" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அப்போ அவங்க நமக்குக் கீழேயா இருக்காங்க?"

சத்துர்னினா வெளியே நடந்தாள். ஊரே பின்னால் போனது.

கம்பெனிக் குடியிருப்பின் புதுத் தகரக் கூரைகளைப் பார்க்க, எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்தார்கள்.